ஆறு எபிசோடில் ஒரு செம்புத் தொட்டி

ஆனந்தலட்சுமிக்கு இருபத்துநாலு வயது நடக்கும்போது பாலராமபுரத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தார். ஜாதகம் பொருந்தியது. அவர்கள் ஒருமுறை வந்து சாப்பிட்டார்கள், இவர்கள் ஒருமுறை போய்ச் சாப்பிட்டார்கள். நிச்சயத்துக்கு நாள் பார்க்கும் நேரத்தில், மாப்பிள்ளையின் தாத்தா ஒரு காலத்தில் நூல் பொதியைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்தவர் என்று யாரோ அண்ணன் முத்துக்குமாரசாமியின் காதில் போட்டார்கள். அண்ணன் அன்றைக்கே ஆளனுப்பி வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

“சொமடு எடுத்தவன் வீட்டுக்கு நம்ம பிள்ளைய அயக்க முடியாது. நாம பாரமேற்றான்விளைக்காரங்களாக்கும்.”

பாரமேற்றான்விளை என்பது கொல்லயில் என்னும் பஞ்சாயத்தில் அவர்களுடைய வீட்டுப் பெயர். பெயருக்குப் பின்னால் ஒரு வரலாறு இருந்தது. நூற்றெண்பது வருடங்களுக்கு முன்னால் இந்த வீட்டுப் பூதலிங்கம் பிள்ளை பாறசாலையில் பார்வத்தியக்காரராக இருந்தார். பார்வத்தியக்காரர் என்றால் திருவிதாங்கூர் அரசாங்கத்தின் கிராம அதிகாரி. மகாராஜாவுக்குப் பெரிய நெருக்கடி ஒன்று வந்தபோது, நாட்டின் பாரத்தை அவர் தம் தோளில் ஏற்றுக்கொண்டார். அதனால் ‘பாரமேற்றான்’ என்று பட்டம் கிடைத்தது. என்ன நெருக்கடி, என்ன பாரம் என்பதில் தலைமுறைக்குத் தலைமுறை அபிப்பிராய பேதம் உண்டு. அப்பா காலத்தில் அது ஒரு சின்னக் கலகம். அண்ணன் காலத்தில் அது போராகிவிட்டது.

ஆனந்தலட்சுமி மறுத்து ஒன்றும் பேசவில்லை. மறுவருடம் நெய்யாற்றின்கரை தாலுகா ஆபீசில் அவளுக்குக் கிளார்க் வேலை கிடைத்தது. பழைய ஆவணங்கள் வைத்திருக்கும் அறைக்குப் போக யாரும் தயாராக இல்லாததால் அவளை அங்கே போட்டார்கள். ஓலைகளும், ஓடும் கையெழுத்தில் எழுதிய பழைய காகிதங்களும் நிறைந்த அறை. புள்ளி வைக்காத அந்த எழுத்தை வாசிக்க அவள் தானாகவே பழகிக்கொண்டாள். முப்பத்தொரு வருடம் அங்கேயே இருந்தாள். இடையில் வேறு சம்பந்தங்களும் வந்தன. எல்லாவற்றிலும் யாரோ ஒரு தாத்தா எதையோ சுமந்திருந்தார்.

பணி ஓய்வு பெற்ற பிறகும் குளத்தூரிலிருந்தும் பாறசாலையிலிருந்தும் ஆட்கள் ஓலைகளைத் துணியில் சுற்றிக்கொண்டு அவளைத் தேடி வந்தார்கள். நடைவழி யாருக்கு, குளத்தின் கிழக்குக் கரை யாருக்கு என்று அவள் வாசித்துச் சொல்லுவாள். ஆணானாலும் பெண்ணானாலும் ஆபீசில் வேலை பார்த்தவர்களை ‘சார்’ என்பதற்குச் ‘சாறே’ என்று கூப்பிடுவதுதான் இந்தப் பக்கத்து வழக்கம். அவள் எல்லாருக்கும் சாறு ஆனாள்.

அண்ணன் முத்துக்குமாரசாமி திருவனந்தபுரம் செக்ரட்டேரியட்டில் செக்ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துபோனார், மகன் அரவிந்த் பெங்களூரில். வீட்டில் அண்ணனும் தங்கையும்தான். அண்ணனுக்கு ஒரே ஒரு லட்சியம் இருந்தது: பூதலிங்கம் பிள்ளையின் வரலாறு டெலிவிஷனில் தொடராக வர வேண்டும். பதின்மூன்று பாகத்துக்குக் கதை எழுதி வைத்திருந்தார். ஐந்தாம் பாகத்தில் பூதலிங்கம் பிள்ளை வெள்ளைக் குதிரையில் வருவார். பாறசாலையில் அந்தக் காலத்தில் குதிரை ஏது என்று ஆனந்தலட்சுமி ஒருமுறை கேட்டாள். “நீ பாத்தியா?” என்றார் அண்ணன். இருபது வருடமாக அவர் சேனல் சேனலாகக் கடிதம் எழுதினார். ஒரே ஒரு சேனலிலிருந்து ‘தங்கள் கடிதம் கிடைத்தது’ என்று பதில் வந்தது. அதை லாமினேட் செய்து ஹாலில் மாட்டினார்.

ஆகவே, போன வருடத்துக்கு முந்தின வருடம் தை மாதத்தில் விபின் என்ற ஆள் காரில் வந்து இறங்கியபோது அண்ணன் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். விபினுக்கு ஊர் பாறசாலைதான், வேலை கொச்சியில். வெப் சீரிஸ் எடுக்கும் கம்பெனியில் கதைப் பிரிவு. தென் திருவிதாங்கூரில் யாருக்கும் தெரியாத ஒரு வரலாற்றுச் சம்பவத்தை ஆறு எபிசோடாக எடுக்க வேண்டுமாம். அண்ணனுடைய கடிதம் ஒன்று எத்தனையோ கை மாறி அவனிடம் வந்து சேர்ந்திருந்தது.

“கதை கொள்ளாம் சாறே, நல்லா இருக்கு. ஆனா ஆதாரம் வேணும். ‘உண்மைச் சம்பவம்’ எண்ணு போடணும்னா ஒரு காகிதமாவது காட்டணும்.”

“ஆதாரம்தானே?” அண்ணன் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். “ஏட்டி லெட்சுமி, இஞ்ச வா. ஒனக்க தொழிலாக்கும் இது.”

ஐம்பத்தொன்பது வயதில் ஆனந்தலட்சுமி மறுபடியும் தினசரிப் பயணி ஆனாள். பாறசாலையில் காலைப் பாசஞ்சர் பிடித்துத் திருவனந்தபுரம் போய், பழைய ஆவணங்கள் வைத்திருக்கும் அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து, சாயங்கால வண்டியில் திரும்பினாள். பதினோரு நாள் ஒன்றும் கிடைக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் ஒரு ஓலைக் கட்டில் பூதலிங்கம் பிள்ளை இருந்தார். அவரே தாசில்தாருக்கு எழுதியது. தகப்பன் பெயர், வீடு இருந்த ஊர்ப்பகுதியான கரை, எல்லாம் சரியாக இருந்தது.

எழுத்தெழுத்தாகப் பார்த்து அவள் நோட்டில் இப்படி எழுதிக்கொண்டாள்:

‘கொல்லம் ஆயிரத்துப் பத்தொன்பதாம் ஆண்டு மாசி மாதம் இருபத்துநாலாம் தேதி. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் துரையவர்களுடைய சாமான் பாறசாலை வந்து சேர்ந்த இடத்தில், ஊழியக்காரர் முப்பத்திரண்டு பேரும் சுமையை இறக்கி ஆலமரத்து மூட்டில் உட்கார்ந்துகொண்டார்கள். அடித்தும் எழுந்திருக்கவில்லை. பனையேற்று நடக்கும் மாதத்தில் மூன்றாம் தடவையும் கூலியில்லாமல் கூப்பிட்டால் பிள்ளைகள் எதைத் தின்னும் என்று உமைச்சி என்று பெயருள்ள ஒருத்தி முன்னால் வந்து கேட்கிறாள். கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. நாள் ஒன்பது கழிந்தது. பெட்டிகளை வண்டியில் ஏற்றி அனுப்பினேன். துரையவர்கள் குளிக்கும் செம்புத் தொட்டி, சிங்கக்கால் நாலுடன் கூடியது, வண்டியில் கொள்ளவில்லை. நாளைக்குள் தொட்டி நெய்யாற்றின்கரை வந்து சேராவிட்டால் வேலை போகும் என்று உத்தரவு வந்தபடியால், நானும் என் மைத்துனனும் அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். உமைச்சி தன் சுமைமாட்டை எனக்குத் தந்தாள். அமரவிளையில் ஒருமுறை இறக்கி வைத்தோம். பகல் வழியானபடியால் பார்த்தவர்கள் பலர். பிள்ளைகள் பாரமேற்றான் என்று கூப்பிட்டுப் பின்னால் வருகிறார்கள். இனி இந்த ஊரில் நான் அதிகாரம் நடத்துவது பிரயாசம். வேறு ஊருக்கு மாற்றித் தர வேண்டும்.’

ஆனந்தலட்சுமி கடைசி வரியை இரண்டுமுறை படித்தாள். குடும்பத்தின் புகழுக்கெல்லாம் மூலமான ஓலை, ஒரு டிரான்ஸ்பர் விண்ணப்பம். முப்பத்தொரு வருட சர்வீசில் எத்தனையோ டிரான்ஸ்பர் விண்ணப்பம் பார்த்திருக்கிறாள், இவ்வளவு நியாயமான காரணத்தோடு ஒன்றுகூடப் பார்த்ததில்லை. வாசிப்பு அறையில் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். எதிரே உட்கார்ந்திருந்த ஆராய்ச்சி மாணவி நந்தனா தலைநிமிர்ந்து, “என்ன ஆச்சு மேடம்?” என்று கேட்டாள்.

“எங்க தாத்தா,” என்றாள் ஆனந்தலட்சுமி. சிரிப்பு நின்றபோது கண்ணில் தண்ணீர் இருந்தது, அது எதனால் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. நூல் பொதி எப்படியானாலும் செம்புத் தொட்டியைவிட எடை குறைவாகத்தான் இருக்கும் என்ற நினைப்பு மட்டும் வந்தது.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு மேசையில் வைத்து அண்ணனுக்கு வாசித்துக் காட்டினாள். அண்ணன் ஊழியக்காரர் உட்கார்ந்த இடம்வரை தலையாட்டினார். தொட்டி வந்தபோது கை சோற்றில் நின்றது.

“இது வேற பூதலிங்கம் பிள்ளையாக்கும்.”

“அப்பன் பேரு, கரை, எல்லாம் நம்மதுதான் அண்ணா.”

“நீ தப்பா வாசிச்சிருப்பே.”

“நான் வாசிச்சுச் சொன்னத வச்சு கோர்ட்டே தீர்ப்பு சொல்லியிருக்கு.”

அண்ணன் மோர் ஊற்றிக்கொண்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார், வீட்டில் வேறு யாரும் இல்லாவிட்டாலும். “சரி. கெடந்த எடத்துல கெடக்கட்டும். அந்தப் பயலுட்ட ஒண்ணும் கெடைக்கலேண்ணு சொல்லிரு. நாணக்கேடு.”

“என்ன நாணக்கேடு? ஆளில்லே, அவரே சொமந்தாரு.”

“அதத்தான் சொல்லுதேன்!” என்றார் அண்ணன்.

பாலராமபுரத்துச் சம்பந்தத்தைப் பற்றி ஆனந்தலட்சுமி அப்போதும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை, அண்ணன் அவள் முகத்தைப் பார்க்காமல் எழுந்து கை கழுவப் போனார். அவள் பாத்திரங்களை எடுத்து வைத்துவிட்டு, நோட்டின் அந்த மூன்று பக்கத்தையும் போனில் படம் பிடித்து விபினுக்கு அனுப்பினாள்.

விபின் அரைமணி நேரத்தில் கூப்பிட்டான். “அக்கா, இது பொன்னாக்கும்! சங்கம் எண்ணு ஒரு வார்த்தையே இல்லாத காலத்துல ஒம்பது நாள் வேலைநிறுத்தம். அதுக்கு ஒரு பெண் தலைவி. நடுவுல ஒரு குளிக்கிற தொட்டி. வேற என்ன வேணும்?” கொச்சியிலிருந்து அவனுடைய மேலதிகாரியும் பேசினார். இப்படி ஒரு கதைக்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தோம் என்றார். அடுத்ததாக உமைச்சியின் வம்சத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அது சுலபமாக நடந்தது. குளத்தூரில் ஒரு குடும்பக் கோயிலில் உமைச்சியம்மை என்று ஒரு தெய்வம் இருந்தது. அந்தக் குடும்பத்தில் இப்போது மூத்தவர் பொன்னப்பன், வயது அறுபத்தெட்டு. பாறசாலைச் சந்தையில் முப்பத்தெட்டு வருடம் சுமட்டுத் தொழிலாளியாக இருந்தவர், அதில் பன்னிரண்டு வருடம் சங்கத்தின் கன்வீனர். எவ்வளவு பெரிய வியாபாரியானாலும் பொன்னப்பன் கைகாட்டாமல் லாரியிலிருந்து ஒரு சாக்கு இறங்காது என்று ஊரில் சொல்லுவார்கள்.

விபினும் ஆனந்தலட்சுமியும் குளத்தூருக்குப் போனார்கள். பொன்னப்பன் நாற்காலி எடுத்துப் போட்டார். பேசியது அவருடைய மகள் ஷீஜா. ஷீஜா வங்கியில் ஆபீசர், உறவுக்காரர்கள் ஒன்றுகூடும் குடும்ப சங்கமத்தின் செயலாளரும்கூட. சங்கமத்துக்காக அவள் ஒரு மலர் அச்சடித்திருந்தாள். அதன் அட்டையில் உமைச்சியம்மை வாளோடு நின்றாள். முந்நூறு போர்வீரர்களுக்குத் தலைவி என்று கீழே எழுதியிருந்தது. உமைச்சிக்கும் ஒரு வெள்ளைக் குதிரை இருந்தது.

ஆனந்தலட்சுமி ஓலையில் இருந்ததைச் சொன்னாள். ஷீஜாவின் முகம் இறுகியது.

“கூலியில்லாம சொமடு எடுக்க வந்தவங்க எண்ணா எழுதியிருக்கு?”

“எடுக்க மாட்டோம் எண்ணு இறக்கி வச்சவங்க எண்ணு எழுதியிருக்கு.”

“ரெண்டும் ஒண்ணுதான் சாறே. டிவியில காட்டினா எடுக்கிறதத்தான் ஆளுக பாப்பாங்க. எனக்க மோளுக்குக் கல்யாணம் பேசிட்டு இருக்கோம். எங்க குடும்பம் படைத்தலைவி குடும்பமாக்கும்.”

சுவரில் ஆணியில் பொன்னப்பனுடைய பழைய நீலச் சட்டை, சங்கத்துக்காரர்கள் போடுவது, தேய்த்து மடிப்பு கலையாமல் தொங்கியது. அவர் அதைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், “சாயா குடியுங்க,” என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கொல்லயிலில் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனந்தலட்சுமி போனதைத் தவிர்த்தால், பாரமேற்றான்விளைக்காரர்களும் உமைச்சியம்மை குடும்பத்தாரும் நூற்றெண்பது வருடமாக ஒருவர் படியை ஒருவர் மிதித்ததில்லை. ஒரு திங்கட்கிழமை முத்துக்குமாரசாமி ஆட்டோ பிடித்துக் குளத்தூர் போய், ஷீஜாவின் வீட்டில் உட்கார்ந்து, சாயா குடித்தார். பழம்பொரியும் தின்றார் என்று ஆட்டோக்காரர் சத்தியதாஸ் வந்து சொன்னார். மறுநாள் அண்ணனும் ஷீஜாவும் நெய்யாற்றின்கரையில் ஒரே வக்கீல் ஆபீசில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பினார்கள். எங்கள் முன்னோர் இருவரும் எந்தக் காலத்திலும் எந்தப் பொருளையும் சுமந்தவர்கள் அல்லர் என்பது நோட்டீசின் சாரம். நாட்டின் பாரத்துக்கு மட்டும் அதில் விலக்கு இருந்தது. இரண்டு குடும்பங்களையும் சமமாக மதித்து எழுதப்பட்ட முதல் காகிதம் அதுதான்.

கம்பெனி பயந்துவிட்டது. சட்டப் பிரிவு கதையை வாங்கிப் படித்தது. ஜாதி வேண்டாம், இடப்பெயர் வேண்டாம், துரை வேண்டாம், கூலி வேண்டாம் என்றது. இதெல்லாம் போனபிறகு மிச்சமிருந்தது தொட்டியும் மாடும். தொட்டியைப் பார்த்தால் ஜனங்கள் சிரிப்பார்கள் என்று மார்க்கெட்டிங் பிரிவு சொன்னது. அதனால் தொட்டி பீரங்கி ஆனது. பாறசாலை ஒரு கற்பனை நாடு ஆனது. உமைச்சி, மாறுவேடத்தில் ஊரைச் சுற்றும் இளவரசி. பூதலிங்கம் பிள்ளை தளபதி. சுமைமாடு மட்டும் அப்படியே நின்றது. அதுதான் ஆதாரமுள்ளது என்பதால் கம்ப்யூட்டரில் அதை யானை அளவுக்கு வளர்த்தார்கள்.

விபின் ஒருநாள் பாரமேற்றான்விளைக்கு வந்து தலைகுனிந்து உட்கார்ந்தான்.

“என்னால ஒண்ணும் செய்ய முடியல அக்கா. ‘உண்மைச் சம்பவம்’ எண்ணு போடணும்னு மட்டும் அவிய பிடிவாதமா இருக்காங்க.”

“மாடு எப்படி இருக்கு?” என்று கேட்டாள் ஆனந்தலட்சுமி.

“மாடு நல்லா இருக்கு.”

அவள் அவனுக்கு ஒரு தம்ளர் மோர் கொடுத்து அனுப்பினாள். கோபப்படுவதற்கு அவளுக்கும் உரிமை இருந்தது. ஆனால் முப்பத்தொரு வருடம் மேசைக்கு மேசை போய்த் திரும்பும் கோப்புகள் எந்த உருவத்தில் வந்து சேரும் என்று பார்த்தவள். இது அவளுக்குப் பெரிய அதிசயமாகப் படவில்லை.

தொடர் சென்ற வருடம் ஆவணியில், ஓணத்துக்கு வெளியானது. ஊர் நூலகத்தின் மாடி ஹாலில் திரை கட்டி மத்தியானம் முதல் ஆறு எபிசோடும் சேர்த்துப் போட்டார்கள். இரண்டு குடும்பமும் முன்வரிசையில் இருந்தது. பீரங்கியை மாடு மலைமேல் இழுத்துப் போகும்போது முத்துக்குமாரசாமி எழுந்து நின்றுவிட்டார். இளவரசி வாளை உருவும்போது ஷீஜா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நோட்டீஸ் அனுப்பியதை இருவரும் மறந்துபோனார்கள். “அந்தத் தளபதி எங்க பூதலிங்கம் தாத்தாவாக்கும்,” என்று அண்ணன் பக்கத்து ஆளிடம் சொன்னார். முடிவில் ஓடிய பெயர்களில் ‘வரலாற்று ஆலோசனை: ஆனந்தவல்லி’ என்று வந்தது. யாரோ கைதட்டினார்கள். ஆனந்தலட்சுமியும் அந்த ஆனந்தவல்லிக்காகக் கைதட்டினாள்.

சிக்கல் ஆறாம் எபிசோடில் வந்தது. அதில் தளபதிக்கும் இளவரசிக்கும் கல்யாணம்.

கல்யாணக் காட்சி முடியும்வரை முன்வரிசையில் யாரும் மூச்சுவிடவில்லை. விளக்குப் போட்டதும் அண்ணன் ஒரு பக்கப் படியிலும் ஷீஜா மறுபக்கப் படியிலும் இறங்கினார்கள். ஒரு வாரத்துக்குள் கம்பெனிக்கு இரண்டு நோட்டீஸ் போனது, இந்தமுறை வேறு வேறு வக்கீல்கள். மேற்படி தளபதி மேற்படி இளவரசியை மணந்ததற்கு ஆதாரம் இல்லை என்றது ஒன்று. மேற்படி இளவரசி அப்படி ஒரு தளபதியை ஏறெடுத்தும் பார்த்திருக்க மாட்டாள் என்றது மற்றது. இது முழுக்கக் கற்பனை என்று கம்பெனி இருவருக்கும் ஒரே பதிலை அனுப்பியது. அண்ணன் அதை லாமினேட் செய்யவில்லை.

தைப்பொங்கல் கழிந்து ஒரு காலையில் பொன்னப்பன் தனியாகப் பாரமேற்றான்விளைக்கு வந்தார். அண்ணன் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். பொன்னப்பன் அதைக் கண்டுகொள்ளவில்லை.

“சாறே, அந்த ஓலையில எழுதியிருக்கத எனக்கு ஒருதடவ வாசிச்சுக் காட்டணும். அண்ணைக்கு மோள் இருந்தா, ஒண்ணும் கேக்க முடியல.”

ஆனந்தலட்சுமி நோட்டை எடுத்து வந்து வாசித்தாள். பொன்னப்பன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சுமை இறக்கியதைக் கேட்டபோது அவருடைய கை தன்னையறியாமல் தலைக்குமேல் போய் இறங்கியது. உமைச்சி மாட்டைக் கொடுத்த இடம் வந்ததும் கண்ணைத் திறந்தார்.

“நில்லுங்க சாறே. மாடு இருந்தா இவரு எதுக்குத் தலையில வச்சாரு?”

ஆனந்தலட்சுமி நோட்டைப் பார்த்தாள். இரண்டு வருடமாக அந்த வரி அவள் கையில் இருந்தது, அந்தக் கேள்வி ஒருமுறைகூட வரவில்லை.

“மாட்டுக்கு மேல தொட்டி நிக்காதுல்லா. அதனால இருக்கும்…”

“அப்பம் மாட்டக் குடுத்து என்ன பிரயோசனம்? நடந்து போறவனுக்கு மாடு எதுக்கு? எழுத்து என்ன, அப்படியே சொல்லுங்க.”

அவள் போனில் இருந்த ஓலைப் படத்தைத் தேடி எடுத்துப் பெரிதாக்கினாள். ஓலையில் புள்ளி கிடையாது. இருந்த எழுத்து ‘சுமமாடடை’. சுமையின் ஐகாரத்தை எழுதியவர் விட்டுவிட்டார் என்று நினைத்து, அவள்தான் சுமைமாட்டை என்று திருத்தி வாசித்திருந்தாள்.

“சு… ம… மா… ட… டை,” என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

பொன்னப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். முறுக்கினார், வட்டமாகச் சுற்றினார், தலையில் வைத்தார். “சும்மாடு,” என்றார். “சும்மாட்டைத் தந்தாள். செம்புக்குக் கீழ சும்மாடு இல்லாம பத்துக் கிலோமீட்டர் போனா மண்ட பிளந்து போகும் சாறே. தூக்கிப் பழக்கமில்லாதவனுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.”

ஆனந்தலட்சுமி அந்தத் துண்டையும் ஓலைப் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அடித்தவனுக்கு எதிரே ஒன்பது நாள் உட்கார்ந்த பெண், அவன் தொட்டியைத் தூக்கக் குனிந்தபோது தன் தலையிலிருந்த துணிச்சுருளை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். சுமையைத் தூக்கித் தரவில்லை, அதில் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் மண்டை பிளக்கட்டும் என்றும் விடவில்லை. இது ஆறு எபிசோடில் எங்கேயும் இல்லை. இருந்த இடத்தில் அவளே ஒரு மாட்டைக் கட்டிவிட்டாள், கம்பெனிக்காரர்கள் அதை யானையாக வளர்த்தார்கள். பீரங்கிக்கு அவர்களைக் குறை சொல்லலாம். மாட்டுக்கு யாரைச் சொல்வது?

“நான் வாசிச்சது தப்பு,” என்றாள். இந்த வார்த்தையை முப்பத்தொரு வருடத்தில் யாரும் அவள் வாயிலிருந்து கேட்டதில்லை. செய்தித்தாள் லேசாக அசைந்தது.

“அதொண்ணும் சாரமில்லே, விடுங்க,” என்றார் பொன்னப்பன். “மே தினத்துக்குச் சங்க ஆபீசுக்கு வந்து இத எங்க ஆளுகளுக்கு வாசிச்சுக் காட்டணும். சும்மாடு எண்ணு வாசிச்சா மதி, அது போதும்.”

“ஷீஜா ஒண்ணும் சொல்லமாட்டாளா?”

“சொல்லுவா. சொல்லட்டு. நான் முப்பத்தெட்டு வருஷம் எடுத்த சொமடுலதான் அவ படிச்சா.”

மே ஒன்றாம் தேதி காலை பத்துமணிக்குப் பாறசாலைச் சந்தைக்குப் பக்கத்தில் சங்க ஆபீசின் முன்னால் கூட்டம் நடந்தது. கொடியேற்றினார்கள், ஒரு தலைவர் உலக நிலவரத்தை நாற்பது நிமிடம் பேசினார். பிறகு ஆனந்தலட்சுமியை அழைத்தார்கள். நீலச் சட்டை போட்ட இருபது, இருபத்தைந்து பேர் இருந்தார்கள். பொன்னப்பனும் அன்றைக்கு நீலச் சட்டையில் வந்திருந்தார்.

அவள் வாசிக்கத் தொடங்கும்போது சாலையின் எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில் அண்ணன் நிற்பதைப் பார்த்தாள். எங்கே போகிறார் என்று அவளிடம் சொல்லியிருக்கவில்லை. திருவனந்தபுரம் பஸ் ஒன்று வந்து போனது. நாகர்கோவில் பஸ் ஒன்று வந்து போனது. அண்ணன் இரண்டிலும் ஏறவில்லை. பொன்னப்பன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தார்.

“வெயில்ல நிக்காதீங்க பிள்ளே. இஞ்ச வந்து இரியுங்க.”

“நான் பஸ்ஸுக்கு நிக்கேன்,” என்றார் அண்ணன்.

“பஸ்ஸு அங்க இருந்தாலும் தெரியும்.”

வெயில் உண்மையிலேயே கடுமையாக இருந்தது. அண்ணன் கூட்டத்தின் ஓரத்தில், சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்தார். ஆனந்தலட்சுமி வாசித்தாள். அடித்தும் எழுந்திருக்கவில்லை என்ற இடத்தில் அவள் குரல் ஒரு கணம் தங்கியது, ஆனால் அதையும் விடாமல் வாசித்தாள். ‘கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை’ என்றபோது ஒருவர் விசில் அடித்தார். சும்மாட்டுக்கு யாரும் சத்தம் போடவில்லை. பல பேர் தங்கள் துண்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

வாசித்து முடிந்ததும் கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார் பொன்னப்பன். தீபு என்ற தொழிலாளி எழுந்தான்.

“சாறே, இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுபோன தொட்டியில அந்தத் தொரை குளிச்சானா?”

“அது ஓலையில இல்ல,” என்றாள் ஆனந்தலட்சுமி.

குளித்திருக்க மாட்டான், அன்றைக்கே வேறு ஊருக்குப் போயிருப்பான் என்றார் ஒருவர். வெள்ளைக்காரன் தினமும் குளிக்க மாட்டான் என்றார் இன்னொருவர். ஓரத்திலிருந்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“குளிக்காம எப்படி இருப்பான்?” என்றார் முத்துக்குமாரசாமி. குரல் அவருக்கே சற்றுப் பெரிதாகப் போய்விட்டது. “இஞ்ச இருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும் நாங்களாக்கும் சொமந்து கொண்டுபோய்க் குடுத்திருக்கோம்!”